உறைக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க!

போன இதழ்ல "நாப்பது தாண்டியும் கிராஸ்ஃபிட், ஹைராக்ஸ்னு போட்டியில இறங்குறவங்க கேள்வி அனுப்புங்க"ன்னு ஓரமா ஒரு சின்ன பெட்டி போட்டிருந்தோம், பத்து இருவது வரும்னு பார்த்தா குவிஞ்சிடுச்சு. (புதுசா படிக்கறவங்களுக்கு: கிராஸ்ஃபிட்ன்னா வெயிட் தூக்கறது, குதிக்கறது, ஓடறதுன்னு எல்லாத்தையும் கலந்து டைம் பார்த்து பண்ற பயிற்சி, ஹைராக்ஸ்னா ஓட்டமும் பயிற்சியும் மாறி மாறி வர்ற பந்தயம்.) பாதிக்கு மேல முட்டியும் தோள்பட்டையும், மீதி புரோட்டீன், வீட்டு சண்டை. பதில் சொல்ற எனக்கு 57 வயசு, 43ல தொப்பையோட ஆரம்பிச்சவன், இப்ப கோச்சிங் பண்றேன், டாக்டர் கிடையாது, அதனால மாத்திரை மருந்து கேட்டவங்க எல்லாம் மன்னிச்சுக்கோங்க.

கேள்வி: வயசு 48ங்க. காலேஜ்ல கபடி ஆடுனவன். ரெண்டு வருஷமா கிராஸ்ஃபிட் போறேன். கூட வர்ற 25 வயசு பசங்க வாரம் ஆறு நாள் போடுறாங்க, நானும் அதே தான். முதல் வருஷம் நல்லா ஏறுச்சு, இப்ப ஆறு மாசமா எல்லா வொர்க்கவுட்லயும் டைம் மோசமாகிட்டே வருது, தோள்பட்டை வலி வேற. மாஸ்டர்ஸ், அதாவது வயசு கூடினவங்களுக்கான பிரிவுல போட்டி போடணும்னு ஆசை. இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கட்டுங்களா? (கோயம்புத்தூர் வாசகர்)

ஆறோட ஒண்ணு சேர்த்தா ஏழு, அதோட வாரமே தீர்ந்துடும் சார், அடுத்தும் டைம் மோசமானா எட்டாவது நாளுக்கு எங்க போவீங்க!

சேர்க்காதீங்க, எடுங்க. ஆறு கஷ்டமான நாள்ல மூணை எடுத்துடுங்க. வீட்ல தயிருக்கு உறை ஊத்துறதை பார்த்திருப்பீங்கல்ல, இருந்த தயிரை மொத்தமா வழிச்சு சாப்பிட்டாச்சுன்னா ராத்திரி பாலுக்கு உறை ஊத்த ஒரு ஸ்பூன் இல்லாம பக்கத்து வீட்டுக்கு கிண்ணத்தை தூக்கிட்டு ஓடணும். அந்த 25 வயசு பசங்க எவ்வளவு வழிச்சாலும் காலையில பானை நிறைஞ்சிருக்கும், அது அந்த வயசோட சலுகை. நமக்கு அந்த ஒரு ஸ்பூன் மிச்சம் இருந்தாதான் நாளைக்கு தயிர். உங்க ஆறு மாச கதையை படிச்சா தினமும் பானையை வழிக்கறீங்கன்னு தான் தெரியுது.

உள்ள என்ன நடக்குதுன்னா, வயசாக ஆக தசையில வேகமா வேலை செய்யற நார் தான் முதல்ல தேயுது. அதனால முதல்ல போறது வெடிப்பு, அதாவது குதிக்கறது, ஸ்னாட்ச் (தரையில இருந்து ஒரே இழுப்புல பாரை தலைக்கு மேல தூக்கறது) மாதிரி சட்டுன்னு இழுக்கறது. வலு அதைவிட மெதுவா குறையும். மூச்சு தாங்குற சக்தியை விடாம பயிற்சி பண்றவங்க ரொம்ப வருஷம் ஓரளவு காப்பாத்திக்கலாம். தசைநாண் விஷயம் தனி, அதுக்கு ரத்த ஓட்டம் கம்மி, தசை சில வாரத்துல பழகிக்கற வெயிட்டுக்கு அது பழக மாசக்கணக்கு ஆகும். கையில தெம்பு இருக்கு, பார்ல அஞ்சு கிலோ ஏத்துறோம், தோள்ல இருக்கற நாண் இன்னும் போன சீசன் கணக்குலயே நிக்குது. வலி அங்கதான் வருது.

இன்னொண்ணு, நீங்க இருக்கற வயசு கொஞ்சம் மாட்டிக்கிட்ட வயசு. கிராஸ்ஃபிட் கேம்ஸ் 2007ல கலிஃபோர்னியாவுல அரோமாஸ்னு ஒரு ஊர்ல, ஒரு பண்ணையில ஆரம்பிச்சப்ப வயசு பிரிவே கிடையாது. 2010ல தான் 50க்கு மேல உள்ளவங்களுக்கு மாஸ்டர்ஸ் வந்துச்சு, அடுத்த வருஷம் 45க்கு இறங்குனாங்க, 2013ல 40, 2017ல 35, அப்புறம் 2022ல மேல 65க்கும் ஒரு பிரிவு. ஆனா ஓப்பன்ங்கற முதல் தகுதிச் சுத்துல பார் வெயிட்டும் குதிச்சு ஏறுற பாக்ஸ் உயரமும் பொதுவா 55க்கு மேல தான் குறையும். 48ல நீங்க தூக்க வேண்டியது இளவட்டங்க தூக்குற அதே வெயிட்டு தான். அதனால உங்களுக்கு வலுவும் நுணுக்கமும் தான் முக்கியம், தினமும் மூச்சு முட்ட விழுந்து கிடக்கறது இல்ல.

வாரம் இப்படி வைங்க. திங்கள், வியாழன், சனி மூணு நாள் தான் சீரியஸ். ஒவ்வொரு நாளும் முதல்ல ஒரு பெரிய தூக்கு, ஸ்குவாட்டோ (பாரை தோள்ல வச்சு உக்காந்து எழறது) டெட்லிஃப்டோ (தரையில இருந்து இடுப்பு வரைக்கும் தூக்கறது) பிரெஸ்ஸோ (தலைக்கு மேல தள்ளறது), இன்னும் ரெண்டு தடவை தூக்க முடியும்ங்கற இடத்துல வச்சுடணும், அந்த ரெண்டு ரெப் தான் உங்க உறை மோர். அதுக்கப்புறம் பத்து பதினஞ்சு நிமிஷம் வொர்க்கவுட், போதும். நடுவுல ரெண்டு நாள் முக்கால் மணி நேரம் சைக்கிளோ வேக நடையோ, சம்பந்திகிட்ட போன்ல முழு வாக்கியமா பேசிக்கிட்டே போற வேகம், மூச்சு வாங்குறது அந்தப் பக்கம் தெரியக்கூடாது. நாலு வாரத்துக்கு ஒரு வாரம் எல்லாத்தையும் பாதியாக்குங்க. வெடிப்பை விட்டுடாதீங்க, வாரம் ரெண்டு நாள் வார்ம் அப் முடிஞ்ச உடனே மூணு மூணா சில குதி, நடுவுல நல்லா ரெஸ்ட், மேல குதிச்சு ஏறுங்க, இறங்கும்போது கால் வச்சு இறங்குங்க. பாக்ஸ்ல இருந்து பின்னாடி துள்ளி இறங்கி அதே வேகத்துல திருப்பி ஏறுறது தான் நம்ம வயசுல குதிகால் நாணை அறுக்கற வேலை.

தோள்பட்டைக்கு: ஆடாம அசையாம அஞ்சு புல் அப் எடுக்க முடியலன்னா உடம்பை ஆட்டி எடுக்கற கிப்பிங் பக்கம் போகாதீங்க. நான் சொந்தமா வாங்கிக் கட்டிக்கிட்ட பாடம் இது. 49 வயசுல பசங்க கைதட்டுனாங்கன்னு ஒரே நாள்ல அம்பது கிப்பிங் போட்டேன், நாப்பதுக்கு மேல எங்கயோ தோள்ல "டப்"புன்னு ஒரு சத்தம், ஏழு மாசம் கொடியில சட்டை காயப்போட கை தூக்க முடியல. எண்ணுனது அம்பதா நாப்பத்தெட்டாங்கறது மட்டும் இன்னிக்கு வரைக்கும் தெரியல.

கேள்வி: எனக்கு 53. பீரியட்ஸ் நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. என் பொண்ணு ஹைராக்ஸ் டபுள்ஸ்ல என்னையும் சேர்த்துக்கறேன்னு சொல்றா. மாமியார், நாத்தனார் எல்லாரும் இந்த வயசுல வெயிட் தூக்கினா எலும்பு உடையும்ங்கறாங்க. இன்னொரு விஷயம், கேட்கவே சங்கடமா இருக்கு, ஸ்கிப்பிங் ஆடும்போது யூரின் கொஞ்சம் லீக் ஆகுது. (மதுரை வாசகி)

சங்கடமே வேண்டாம்மா, எங்க கிளாஸ்ல பிள்ளை பெத்தவங்க பத்து பேர் இருந்தா நாலஞ்சு பேர் இதை காதோட காதா சொல்வாங்க, மீதி பேர் கறுப்பு பேண்ட் போட்டுக்கிட்டு சொல்லாம இருப்பாங்க. இடுப்புத் தள தசை பலவீனமானா வர்றது, இதுக்குன்னே பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்ட் இருக்காங்க, நிறைய பேருக்கு சில மாசத்துல நல்லா குறையும். பயந்துக்கிட்டு தண்ணி குடிக்கறதை மட்டும் குறைக்காதீங்க. வெயிட் தூக்கும்போது மூச்சை அடக்காம வெளிய விட்டுக்கிட்டே தூக்குங்க. ஸ்கிப்பிங்கை கொஞ்ச நாள் ஒதுக்கி வைங்க, ஹைராக்ஸ்ல ஸ்கிப்பிங் இல்லவே இல்ல.

எலும்பு விஷயத்துல மாமியாருக்கு சொல்லுங்க, நிலைமை நேர் தலைகீழ். மாதவிடாய் நின்ன உடனே ஈஸ்ட்ரோஜன் இறங்குது, அந்த சில வருஷம் தான் எலும்பு வேகமா கரையும். ஆஸ்திரேலியாவுல லிஃப்ட்மோர்னு ஒரு ஆய்வு, ஏற்கனவே எலும்பு அடர்த்தி குறைஞ்ச, சராசரி 65 வயசு பெண்கள் நூத்தி சொச்சம் பேர். பாதி பேருக்கு வாரம் ரெண்டு நாள், அரை மணி நேரம், பக்கத்துல கோச் நிக்க, டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல பிரெஸ், அதுவும் தூக்க முடிஞ்ச உச்ச வெயிட்ல 80 சதவீதத்துக்கு மேல. இன்னொரு பாதிக்கு வீட்லயே லேசான பயிற்சி. எட்டு மாசம் கழிச்சு பார்த்தா கனமா தூக்கினவங்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி கிட்டத்தட்ட 3 சதவீதம் ஏறியிருக்கு, வீட்ல லேசா பண்ணவங்களுக்கு 1 சதவீதம் போல இறங்கியிருக்கு. ஒரு கிலோ டம்பிள்ஸை டிவி பார்த்துக்கிட்டே ஆட்டுறதால பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொன்னா திட்டுறாங்க, அந்த ஆய்வும் அதைத்தான் சொல்லுது. ஆனா எடுத்த உடனே அவ்வளவு தூக்கலை, முதல்ல வாரக்கணக்குல வெறும் பழக்கம் தான். நீங்க தொடங்கறதுக்கு முன்னாடி எலும்பு அடர்த்தி பார்க்கற டெக்ஸா ஸ்கேன் ஒண்ணு எடுத்துடுங்க, நம்பர் மோசமா இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு தான் பார்பெல்.

போட்டியை பத்தி: ஹைராக்ஸ் 2017ல ஜெர்மனியில ஹாம்பர்க்ல ஆரம்பிச்சது, நம்ம நாட்டுக்கு 2025 மே மாசம் மும்பைக்கு முதல் தடவையா வந்துச்சு. 1 கிலோமீட்டர் ஓட்டம், ஒரு ஸ்டேஷன் (அதாவது ஒரு பயிற்சி), திரும்ப 1 கிலோமீட்டர், இப்படி எட்டு தடவை. டபுள்ஸ்ல ஓட்டம் ரெண்டு பேரும் சேர்ந்தே முழுசா ஓடணும், ஸ்டேஷன் வேலையை மட்டும் பங்கு போட்டுக்கலாம். பெண்கள் ஓப்பன்ங்கற சாதாரண பிரிவுல ஸ்லெட் தள்ளுறது வண்டியோட சேர்த்து 102 கிலோ, இழுக்கறது 78 கிலோ, ரெண்டு கையிலயும் 16 கிலோ கெட்டில்பெல் தூக்கிட்டு 200 மீட்டர், தோள்ல 10 கிலோ மூட்டையோட 100 மீட்டர் லஞ்சஸ் (அடிக்கு அடி முட்டியை தரை வரைக்கும் இறக்கி நடக்கறது), கடைசியில 4 கிலோ வால் பால் (உக்காந்து எழுந்து பந்தை மேல எறியறது). தண்ணி லாரி வர்ற அன்னிக்கு ரெண்டு கையிலயும் குடம் தூக்கி மாடி ஏறினவங்களுக்கு அந்த 16 கிலோ ஒண்ணும் புதுசு இல்ல. உங்களுக்கு சவால் 8 கிலோமீட்டர் ஓட்டம் தான், ஆறு மாசம் வைங்க, முதல் ரெண்டு மாசம் நடையும் ஓட்டமும் கலந்து. பொண்ணு வேகத்துக்கு நீங்க ஓட வேணாம், அவ உங்க வேகத்துக்கு ஓடட்டும், இத்தனை வருஷம் நீங்க அவ வேகத்துக்கு நடந்தீங்கல்ல.

கேள்வி: என் வாட்ச் 220ல இருந்து வயசை கழிச்சு 159ன்னு உச்ச இதயத்துடிப்பு காட்டுது. துடுப்பு போடற ரோயிங் மெஷின்ல 166 போயிடுச்சு. பயப்படணுமா? வயசு 61. (சிங்கப்பூர் வாசகர்)

அந்த 220 கணக்கு மனக்கணக்குக்கு ஈஸியா இருக்கறதால ஒட்டிக்கிட்டது, வயசானவங்களுக்கு பல சமயம் குறைச்சு காட்டும். 208ல இருந்து வயசோட 0.7 மடங்கை கழிக்கறது இன்னொரு கணக்கு, அதுல உங்களுக்கு 165 வருது. அதுவும் சராசரி தான், ஆளுக்கு ஆள் பத்து துடிப்பு மேல கீழ சகஜம். நம்பர் மட்டும் கூடி வேற எந்த தொந்தரவும் இல்லன்னா கவலை வேணாம். படபடன்னு தாறுமாறா அடிச்சாலோ தலை சுத்தினாலோ அது வேற கதை, டாக்டரை பாருங்க.

கேள்வி: சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. 70 கிலோ, வயசு 56. கோச் தினமும் 110 கிராம் புரோட்டீன் சாப்பிடச் சொல்றார். நடக்கற காரியமா? (மயிலாப்பூர் வாசகர்)

கஷ்டம் தான், நடக்காததில்ல. கிலோவுக்கு 1.6 கிராம்ங்கற கணக்குல சொல்லியிருக்கார், கடுமையா பயிற்சி பண்றவங்களுக்கு அது சரி, 1.2ல தொடங்கினா கூட 84 கிராம் வரும். வயசான தசைக்கு கொஞ்சம் காது மந்தம் மாதிரி, அங்கங்க கொஞ்சமா போட்டா அதுக்கு கேட்காது, ஒரே வேளையில 25, 30 கிராம் போட்டாதான் "சரி, கட்டுவோம்"னு எழுந்திருக்கும். நாலு இட்லியில எட்டு கிராம் தேறினா பெருசு, சாம்பார் கிண்ணத்தையும் சேர்த்தா பன்னெண்டு. காலையில அதோட நூறு கிராம் பன்னீர் சேர்த்தா 18, 20 கிராம் கூடும். சோயா சங்க்ஸ் அம்பது கிராம் உலர்ந்தது 25 கிராம் குடுக்கும், சைவத்துக்கு அதைவிட மலிவு எதுவும் எனக்கு தெரியல. சாயங்காலம் டீயோட பிஸ்கட்டுக்கு பதிலா ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல். மீதி இடத்தை வே புரோட்டீன் ஒரு ஸ்கூப் நிரப்பும், பால்ல இருந்து எடுக்கறது தானே, ஆச்சாரத்துக்கு பங்கம் இல்ல. தசை வலுவுக்கு கிரியேட்டின்ங்கற பவுடரை தினம் 3, 5 கிராம் எடுக்கறவங்க ரத்த டெஸ்ட்டுக்கு போறப்ப டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, கிட்னிக்கு பார்க்கற கிரியாட்டினின் அளவு கொஞ்சம் கூட காட்டும், கிட்னி போச்சுன்னு வீட்ல கலவரமாகிடும். கிட்னியில நிஜமாவே பிரச்சனை உள்ளவங்க இந்த கணக்கு எதையும் சொந்தமா ஆரம்பிக்காதீங்க.

கேள்வி: வர்ற மே மாசம் 50 முடியுது. பிறந்தநாளுக்கு ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து "மர்ஃப்" முழுசா, வெயிட் வச்ச வெஸ்ட் போட்டு பண்ணப்போறேன். நாலு மாசமா ஜிம் பக்கம் போகல. டிப்ஸ் குடுங்க. அப்பாவுக்கு 52ல ஹார்ட் அட்டாக் வந்துச்சு, அதனால தான் ஃபிட்டா இருக்கணும்னு நினைக்கறேன். (சென்னை வாசகர்)

டிப்ஸ் ஒண்ணே ஒண்ணு தான் தம்பி, பண்ணாதீங்க. தெரியாதவங்களுக்கு: மர்ஃப்ங்கறது 1 மைல் ஓட்டம், 100 புல் அப், 200 தண்டால், 300 ஸ்குவாட், மறுபடி 1 மைல், 2005ல ஆப்கானிஸ்தான்ல உயிர்விட்ட அமெரிக்க கடற்படை அதிகாரி மைக்கேல் மர்ஃபி ஞாபகமா பண்றது. 2015 கிராஸ்ஃபிட் கேம்ஸ்ல இதை கொளுத்துற வெயில்ல வச்சாங்க, உலகத்துலயே டாப் ஆளுங்களே வெயில் தாங்காம சுருண்டாங்க. நீங்க சென்னையில, மே மாசம், நாலு மாச கேப்புக்கு அப்புறம்ங்கறீங்க.

ராப்டோமயோலிசிஸ்னு ஒண்ணு இருக்கு, பேரு வாயில நுழையாது ஆனா தெரிஞ்சு வச்சுக்கணும். பழக்கம் விட்டுப்போன தசையை ஒரே நாள்ல அளவுக்கு மீறி போட்டு வாங்கினா அது உடைஞ்சு அதோட சரக்கு ரத்தத்துல கலந்து கிட்னியை அடைக்கும். ஒண்ணு ரெண்டு நாள்ல கை வீங்கி மடக்க முடியாம, யூரின் கோலா நிறத்துல போச்சுன்னா வீட்ல இளநீர் குடிச்சுக்கிட்டு உக்காராம நேரா எமர்ஜென்சி. இதுல மாட்டறது புதுசா வந்தவங்க மட்டும் இல்ல, "முன்னாடி பண்ணியிருக்கேனே"ன்னு திரும்பி வர்றவங்களும் தான், மனசுக்கு ஞாபகம் இருக்கு, தசைக்கு இல்ல.

அப்பா விஷயம் இதைவிட முக்கியம். நம்ம தெற்காசிய ஆளுங்களுக்கு ஹார்ட் அட்டாக் மத்தவங்களைவிட சராசரியா அஞ்சாறு வருஷம் முன்னாடியே வருதுன்னு பெரிய ஆய்வே இருக்கு. பிரஷர், சுகர், கொழுப்பு, ஈசிஜி எல்லாம் பார்த்துட்டு, அப்பா கதையை கார்டியாலஜிஸ்ட்கிட்ட சொல்லுங்க, டிரெட்மில் டெஸ்ட் வேணுமா ஸ்கேன் வேணுமான்னு அவர் முடிவு பண்ணட்டும். டிரெட்மில் நார்மல்னு வந்தா கூட அது லைசென்ஸ் இல்ல, வொர்க்கவுட் நடுவுல நெஞ்சு அழுத்தமோ தாடை, இடது கை வலியோ வந்தா ஸ்கோரை விட்டுட்டு நிறுத்தணும், கேஸ்னு சொல்லிக்கிட்டு சோடா குடிக்கக் கூடாது. டாக்டர் சரின்னா பிறந்தநாளுக்கு கால்வாசி மர்ஃப், வெஸ்ட் இல்லாம, காலையில அஞ்சரைக்கு, கயித்துல சாஞ்சு இழுக்கற ரிங் ரோவோட. கேக் முழுசா வெட்டிக்கோங்க.

கேள்வி: வயசு 51. போன மாசம் ஒரு லோக்கல் போட்டி. வயசு பிரிவு கிடையாது, எல்லாரோடயும் தான் ஆடணும். நான் கடைசி. மத்தவங்க முடிச்சுட்டு என்னை சுத்தி நின்னு "கமான் அங்கிள்"னு கைதட்டுனாங்க. அழுகையே வந்துடுச்சு. பொண்ணு அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சுட்டா. விட்டுடலாம்னு இருக்கேன். (திருப்பூர் வாசகர்)

இந்த லெட்டரை மூணு தடவை படிச்சேன் சார். அந்த கைதட்டு எனக்கும் தெரியும். முதல் தடவை அது இரக்கம் மாதிரி தான் காதுல விழும்.

இந்த விளையாட்டுல கடைசி ஆள் முடிக்கற வரைக்கும் யாரும் போக மாட்டாங்க, அது வழக்கம், 22 வயசு பையன் கடைசியா வந்தாலும் அதே தட்டு தான். "அங்கிள்"ங்கறது தான் குத்துது, இல்லையா? நான் யோசிச்சுப் பார்த்தது என்னன்னா, நம்ம ஊர்ல வயசான உடம்பு நாலு பேர் முன்னாடி வேர்த்து விறுவிறுத்து தோக்கறதுக்கு ஒரு முன்மாதிரியே இல்ல. தென்மாவட்ட ஊர்கள்ல இளவட்டக்கல் கிடக்குமே, பேர்லயே இருக்கு யார் தூக்கணும்னு. பெருசுங்களுக்கு திண்ணையில உக்காந்து "எங்க காலத்துல"ன்னு கமெண்ட்ரி சொல்ற வேலை தான். அந்த திண்ணையை விட்டு இறங்கி கல்லுகிட்ட போனவர் நீங்க, பார்க்கறவங்களுக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல, அங்கிள்னு தான் வருது.

இப்ப வேலைக்கு வருவோம். ஒண்ணு, வொர்க்கவுட் விவரம் நீங்க எழுதல, ஆனா முதல் ரவுண்டு பசங்க வேகத்துக்கு போயிருப்பீங்கன்னு பந்தயம் கட்டுறேன். நம்ம வயசுல ஒரு தடவை மூச்சு கடன் வாங்கினா திருப்பி அடைக்க ரொம்ப நேரமாகும், முதல் ரவுண்டு "இவ்வளவு மெதுவாவா"ன்னு கூசுற வேகத்துல போகணும். பிராக்டிஸ்ல ரவுண்டு வாரியா டைம் எழுதுங்க, முதலுக்கும் கடைசிக்கும் பத்து செகண்ட் வித்தியாசத்துக்குள்ள வர்ற வரைக்கும் வெயிட் ஏத்தாதீங்க. ரெண்டு, ஒரு புது நோட்டு வாங்கி முதல் பக்கத்துல "50க்கு அப்புறம்"னு எழுதி, இன்னிக்கு தூக்கறதுல இருந்து ரெக்கார்டு ஆரம்பிங்க. 45ல எவ்வளவு டெட்லிஃப்ட் போட்டிருந்தாலும் அது பழைய நோட்டு, அதை பரண்ல போடுங்க. மூணு, அடுத்த போட்டிக்கு பேர் குடுக்கும்போதே 45க்கு மேல தனி பிரிவு வைங்கன்னு கேளுங்க, நாலு பேர் கேட்டா வைப்பாங்க, கேட்காததால தான் வைக்கல.

எட் விட்லாக்னு கனடாவுல ஒருத்தர் இருந்தார், 2004ல டொராண்டோ மாரத்தானை 73 வயசுல 2 மணி 54 நிமிஷத்துல ஓடினவர். அவர் பயிற்சி என்னன்னா வீட்டு பக்கத்துல இருக்கற கல்லறைத் தோட்டத்தை மணிக்கணக்கா மெதுவா சுத்தி சுத்தி வர்றது. ஃபிரான்ஸ்ல ராபர்ட் மார்ஷான்னு சைக்கிள்காரர், நூறு வயசு தாண்டின பிறகு ரெண்டு வருஷ பயிற்சியில ஆக்சிஜன் எடுக்கற திறன் 31ல இருந்து 35க்கு ஏறுச்சுன்னு அளந்து எழுதியிருக்காங்க. அவங்க அபூர்வ பிறவிங்க, நீங்களும் நானும் அப்படி ஆகப்போறதில்ல. ஆனா 101க்கு அப்புறமும் ஒரு நம்பர் மேல போச்சுங்கறதை நான் அப்பப்ப எடுத்துப் பார்த்துக்குவேன்.

பொண்ணு ஸ்டேட்டஸ்ல என்ன எழுதி வச்சான்னு நீங்க சொல்லவே இல்லையே?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52. ஹால் நடுவுல மணல் மூட்டை, பால்கனியில லாரி டயர். ராத்திரி 11 மணி வரை வெளிநாட்டு போட்டி வீடியோ, காலையில நாலரைக்கு அலாரம். கல்யாண வீட்ல கூட ஸ்னாட்ச், ஸ்னாட்ச்னு பேசுறார். என்ன பண்றது? (பேரும் ஊரும் வேண்டாம்னுட்டாங்க)

டயரை எடுக்கச் சொல்லாதீங்க மேடம், அலாரத்தை பிடிங்க. பதினொண்ணுக்கு படுத்து நாலரைக்கு எழுந்தா அஞ்சரை மணி நேரம் தான் தூக்கம், அதுல எந்த தசையும் ஒழுங்கா ஆறாது, அவர் முன்னேறலைன்னா காரணம் அதுவா கூட இருக்கும். "உங்க ரெக்கவரிக்காக தான்"னு சொல்லி ஒம்பதரைக்கு வைஃபையை ஆஃப் பண்ணுங்க, ரெக்கவரின்னா அவரால மறுக்க முடியாது. மணல் மூட்டை எத்தனை கிலோன்னு பாருங்க, 25ன்னா அரிசி சிப்பமும் அதே தான், கடையில இருந்து மாடிக்கு தோள்ல வச்சு தூக்கிட்டு வரச் சொல்லுங்க, மாசம் ரெண்டு சிப்பம். கேஸ் சிலிண்டர் மட்டும் வேணாம், அதை அவர் ஸ்னாட்ச் பண்ணிப் பார்ப்பார்.